குஸ்கா துபாய் போகிறது

துபாய் போக உனக்குச் சம்மதமா என்று குஸ்காவை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அது காதை ஒருமுறை ஆட்டிவிட்டு மறுபடி தூங்கியிருக்கும். ஏனென்றால் குஸ்கா ஒரு பூனை.

திண்டுக்கல் பேகம்பூரில், ஒரு பிரியாணிக் கடையின் பின்வாசலில், மழையில் நனைந்த குட்டியாக அது கிடந்தது. ஹுஸ்னாதான் அதைத் துப்பட்டாவில் சுற்றி வீட்டுக்குத் தூக்கி வந்தாள். துடைத்துக் காயவைத்துப் பார்த்தால், வெள்ளை உடம்பில் அங்கங்கே வெளிர்மஞ்சள் திட்டு. தட்டில் கொட்டிய குஸ்காச் சோறு மாதிரியே இருக்கிறது என்று சொல்லி அந்தப் பெயரை வைத்தவள் பக்கத்து வீட்டுக் கீர்த்தனா.

இருவரும் ஆறாம் வகுப்பு. வகுப்பில் ஒரே பெஞ்சு. குஸ்காவும் இருவருக்கும் பொதுவாகவே வளர்ந்தது. காலையில் ஹுஸ்னா வீட்டில் பால் குடிக்கும். மதியம் கீர்த்தனா வீட்டில் தூங்கும். கீர்த்தனாவின் அப்பா மணிமாறன் பூ மார்க்கெட்டில் வியாபாரி. விற்று முடித்து அவர் கொண்டுவரும் காலிக் கூடைகளில் மல்லிகை வாசம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒன்றுக்குள் சுருண்டுகொண்டால் குஸ்கா சாயங்காலம்தான் எழும்.

இது யார் வீட்டுப் பூனை என்று தெருவில் யாராவது கேட்டால், இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "எங்க வீட்டுது" என்பார்கள்.

காலாண்டுத் தேர்வு முடிந்த சமயத்தில் ஒரு செய்தி வந்தது. ஹுஸ்னாவின் அத்தா மன்சூர் துபாயில் தோல்பொருள் கடை ஒன்றில் வேலை பார்த்தார். அவர் குடும்பத்தை அங்கேயே அழைத்துக்கொள்ள அனுமதி கிடைத்துவிட்டது. முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் கிளம்ப வேண்டியதுதான். ஹுஸ்னாவின் அம்மா அஜீஸுன்னிசா தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தார்.

ஹுஸ்னா கையில் வாங்கிய இனிப்பைத் தின்னவே இல்லை. போனில் அத்தாவிடம் அவள் கேட்ட முதல் கேள்வியே குஸ்காவைப் பற்றித்தான்.

மன்சூர் இரண்டு நாள் விசாரித்துவிட்டுப் பதில் சொன்னார். பூனையைக் கொண்டு வரலாம். ஆனால் ஊசி, பரிசோதனை, சான்றிதழ், அனுமதி என்று மனிதர்களுக்குக் கேட்பதைவிட அதிகமாகப் பூனைக்குக் கேட்கிறார்கள். எல்லாம் சரியாக அமைந்தால் வரட்டும்.

"ஏதாவது ஒண்ணு சரியா வரலைன்னா கீர்த்தனா வீட்டுலயே இருக்கட்டும்மா" என்றார் அவர். "அந்தப் புள்ள நல்லாப் பார்த்துக்கும்."

அப்போது கீர்த்தனா ஹுஸ்னாவின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அதைக் கேட்டதும் அவள் மனதுக்குள் ஏதோ ஒன்று குட்டியாகத் துள்ளியது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

துபாயிலிருந்து வந்த ஒருவர் மூலம் மன்சூர் பெட்டி ஒன்றைக் கொடுத்தனுப்பினார். சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பெட்டி. பக்கவாட்டில் காற்று போக ஓட்டைகள், முன்னால் கம்பிக் கதவு. விமானத்தில் குஸ்கா இதற்குள்தான் போக வேண்டும். தலை இடிக்காமல் நிற்கவும், வசதியாகத் திரும்பிப் படுக்கவும் அதில் இடம் இருந்தது.

கால்நடை மருத்துவமனைக்கு முதல்முறை போன அன்று அவசரம். அஜீஸுன்னிசா குஸ்காவைப் பிடித்துப் பெட்டிக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார். ஆட்டோ கிளம்பியது முதல் மருத்துவமனை வாசல் வரை குஸ்கா கத்திய கத்தலில், ஆட்டோக்காரர் ஹார்னே அடிக்க வேண்டியிருக்கவில்லை. முன்னால் போனவர்கள் எல்லோரும் தாமாகவே ஒதுங்கிக்கொண்டார்கள்.

மருத்துவமனையில் ஒரே ஆடும் மாடும். சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து ஆட்டோடு வந்திருந்த ஒச்சப்பன் என்ற பெரியவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பூனைக்கு என்ன சீக்கு என்று கேட்டார். சீக்கு இல்லை, துபாய் போகிறது என்று கீர்த்தனா சொன்னாள்.

பெரியவர் தன் ஆட்டைப் பார்த்தார். பிறகு பூனையைப் பார்த்தார்.

"எங்க ஆடு அய்யலூர் சந்தையத் தாண்டுனதில்ல, பாப்பா" என்றார். "நானும் அப்படித்தான்."

மருத்துவர் ராயப்பராஜ் குஸ்காவின் கழுத்துக்குப் பின்னால், தோலுக்கு அடியில், ஊசியால் ஒரு சிப்பைச் செலுத்தினார். அது ஓர் அரிசி அளவுதான் இருக்கும். கையடக்கமான ஒரு கருவியை அந்த இடத்தில் காட்டியதும் 'பீப்' என்று சத்தம் வந்தது. திரையில் நீளமாக ஓர் எண் தெரிந்தது. உலகத்தில் எந்த ஊருக்குப் போனாலும் இனி அதுதான் குஸ்காவின் அடையாளம் என்றார் அவர்.

"குஸ்காவுக்குள்ள ஒரே ஒரு அரிசி" என்று கீர்த்தனா மெல்லச் சொன்னாள். மருத்துவர் சிரித்துவிட்டார்.

அடுத்து வெறிநோய்த் தடுப்பூசி. போன வருடமே போட்டாகிவிட்டது என்று ஹுஸ்னா சொன்னாள். பாவம், இன்னொரு ஊசி எதற்கு என்று அவளுக்கு.

"போன வருசம் ஊசி போட்டது இந்தப் பூனைக்குத்தான்னு துபாய்ல இருக்குறவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் மருத்துவர். "முதல்ல சிப்பு, அப்புறந்தான் ஊசி. மாத்திச் செஞ்சா கணக்குல வராதும்மா."

சில வாரங்கள் கழித்து குஸ்காவின் ரத்தத்தை எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். தடுப்பூசி அதன் உடம்பில் சரியாக வேலை செய்கிறதா என்று அங்கே பார்ப்பார்களாம். அது தேறினால்தான் அனுமதி.

முடிவு வரும்வரை ஹுஸ்னா தினமும் தொழுகையில் வேண்டிக்கொண்டாள். கீர்த்தனாவும் தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போனாள். ஆனால் என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல், கும்பிட்டுவிட்டு மட்டும் வந்தாள்.

குஸ்கா பரிசோதனையில் நல்லபடியாகத் தேறியது. ஹுஸ்னா ஓடி வந்து கீர்த்தனாவைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். கீர்த்தனாவும் சுற்றினாள்.

மாதங்கள் ஓடின. பங்குனி வெயில் தொடங்கியது. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது, சிக்கல் அந்தச் சாம்பல் நிறப் பெட்டியிலிருந்து கிளம்பியது.

குஸ்கா அதற்குள் போக மறுத்தது. முதல் நாள் பட்டது அதற்கு மறக்கவே இல்லை. பெட்டியை அலமாரி மேலிருந்து இறக்கும் சத்தம் கேட்டாலே ஜன்னல் வழியாக ஒரே தாவல். பக்கத்துத் தகரக் கூரையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கிருந்து அதைக் கெஞ்சி இறக்குவது எப்போதும் கீர்த்தனாவின் வேலை.

மயக்க ஊசி போட்டு உள்ளே படுக்கவைத்துவிடலாமா என்று அஜீஸுன்னிசா மருத்துவரிடம் கேட்டார். கூடவே கூடாது என்றார் அவர். விமானம் உயரத்தில் பறக்கும்போது மயக்கத்தில் இருக்கும் பூனைக்கு மூச்சுத்திணறல் வரலாம். அப்படி அனுப்பினால் விமானத்தில் ஏற்றவும் மாட்டார்கள். குஸ்கா விழிப்போடுதான் போக வேண்டும், ஆனால் பயப்படாமல் போக வேண்டும்.

ஹுஸ்னா என்னென்னவோ செய்து பார்த்தாள். பெட்டிக்குள் நெத்திலிக் கருவாடு வைத்தாள். குஸ்கா ஒரு காலை மட்டும் உள்ளே நீட்டிக் கருவாட்டை வெளியே இழுத்துத் தின்றது. பெட்டியின் மேல் போர்வையைப் போர்த்தி, அது பெட்டியே இல்லை என்பது போல் வைத்தாள். குஸ்கா போர்வையின் மேல் ஏறித் தூங்கியது. தூக்கி உள்ளே வைக்கப் பார்த்தாள். நாலு காலையும் அகல விரித்துக் கதவை அடைத்துக்கொண்டு நின்றது. ஹுஸ்னாவின் கையில் இரண்டு கீறல் விழுந்ததுதான் மிச்சம்.

அஜீஸுன்னிசாவுக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் குஸ்காவை விட்டுவிட்டுப் போவதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. வத்தலக்குண்டில் உள்ள சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு வரக் கிளம்பும்போது, திரும்பி வந்ததும் இதைப் பேசி முடித்துவிடுவோம் என்றார். போகும்போது குஸ்காவையும் பெட்டியையும் கீர்த்தனா வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள்.

அன்று மதியம் குஸ்கா வழக்கம்போலப் பூக்கூடைக்குள் ஏறிப் படுத்தது. கீர்த்தனா எதிரே உட்கார்ந்து கூடையைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். கூடையும் ஒரு பெட்டி மாதிரிதானே. அதற்குள் தானாகப் போகிறது, இதற்குள் ஏன் போகமாட்டேன் என்கிறது?

தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. தரையில் படுத்து, பெட்டிக்குள் தலையைவிட்டாள்.

உள்ளே புதுப் பிளாஸ்டிக் வாசனையும் மருத்துவமனை மருந்து வாசனையும் கலந்து குமட்டியது. கதவு அவள் தோளில் பட்டு ஆடி, 'டங்' என்று பெட்டியில் இடித்தது. வெளியே சின்னதாகக் கேட்கும் அந்தச் சத்தம், உள்ளே காதுக்குள்ளேயே மணி அடித்தது போல் இருந்தது.

அந்த நேரம் பார்த்து அவள் அம்மா அடுப்படியிலிருந்து வந்தார். மகளின் தலை பெட்டிக்குள்ளும் கால்கள் வெளியிலும் கிடப்பதைப் பார்த்தார்.

"மாட்டிக்கிட்டா வெட்டித்தான் எடுக்கணும்" என்றார். "பெட்டிய இல்ல, உன் சடைய."

கீர்த்தனா வெளியே வந்து காதைத் தேய்த்துக்கொண்டாள். குஸ்கா கத்தியதில் ஒரு தப்பும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

பெட்டியைக் குழாயடிக்குத் தூக்கிப்போய் அரப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். கம்பிக் கதவைக் கழற்றித் தனியே வைத்தாள். வெயிலில் நன்றாகக் காய்ந்ததும், அப்பா பூ மூடிக் கொண்டுவரும் பழைய சாக்குத்துணி ஒன்றை மடித்து உள்ளே விரித்தாள். பிறகு பெட்டியைக் கூடைகளுக்கு நடுவே, அதுவும் ஒரு கூடை என்பது போல வைத்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தாள்.

குஸ்கா எழுந்து வந்தது. பெட்டியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. கதவு இருந்த இடத்தை மோந்து பார்த்தது. தலையை விட்டது, எடுத்தது. பிறகு ஒரு கால், இன்னொரு கால். உள்ளே போய்ச் சாக்கைப் பிறாண்டி மெத்தையாக்கிக்கொண்டு, மல்லிகை வாசத்தில் சுருண்டு படுத்தது.

கீர்த்தனாவுக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இனி குஸ்கா போய்விடும்.

அதே நேரம் அம்மாவின் போன் அடித்தது. வத்தலக்குண்டிலிருந்து ஹுஸ்னா.

"குஸ்கா என்ன பண்ணுது? பெட்டிக்குள்ள போச்சா?"

பெட்டியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த வாலைப் பார்த்தபடியே கீர்த்தனா பதில் சொன்னாள்.

"சாப்டுச்சு. தூங்குது."

சொன்னது பொய் இல்லை. ஆனால் கேட்டதற்குப் பதிலும் அது இல்லை. அன்று இரவு அம்மா அவளுக்குப் பிடித்த வாழைக்காய் வெஞ்சனம் வைத்திருந்தார். அதுவும் அவளுக்கு இறங்கவில்லை.

மறுநாள் மதியம் ஹுஸ்னா வந்தாள். கையில் ஒரு பை. அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வாசற்படியில் வைத்தாள். குஸ்காவின் தட்டு. முடி சீவும் சீப்பு. அது உருட்டி விளையாடும் பந்து.

"இனிமே இதெல்லாம் உங்க வீட்டுலயே இருக்கட்டும்" என்றாள். "பால்ல செத்த தண்ணி சேர்த்துக் குடு. இடி இடிச்சா கட்டிலுக்கு அடியில போயிரும், தேடாத. அதுவே வரும்."

படியிலிருந்து உருளப்போன பந்தைக் கீர்த்தனா பிடித்து நிறுத்தினாள்.

"அம்மா சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டேன், வேணாம்னு. அன்னைக்கு ஆட்டோல அது எம்புட்டுக் கத்துச்சு. அம்புட்டுப் பயத்தோட அது எங்கூட வரணுமா? உங்கிட்டன்னா சந்தோசமா இருக்கும்."

ஹுஸ்னாவின் கண்கள் வீங்கியிருந்தன. அழ வேண்டியதையெல்லாம் வத்தலக்குண்டிலேயே அழுது முடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று கீர்த்தனாவுக்குப் புரிந்தது. தட்டையும் சீப்பையும் பந்தையும் பார்த்தாள். 

"கொலுசக் கழட்டு" என்றாள்.

"எதுக்கு?"

"கழட்டு. சத்தம் போடாம வா."

இருவரும் பூனைகளைப் போல அடியெடுத்து வைத்து உள்ளே போனார்கள். கூடைகளுக்கு நடுவில் பெட்டி. பெட்டிக்குள் குஸ்கா, மல்லாந்து படுத்து, நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

ஹுஸ்னா பெட்டிக்கு எதிரே மெல்ல உட்கார்ந்தாள்.

"நேத்தே போயிருச்சு" என்றாள் கீர்த்தனா. "நீ கேட்டப்பவே உள்ளதான் இருந்துச்சு. நான் சொல்லல."

ஏன் என்று கேட்க ஹுஸ்னா வாயைத் திறந்தாள். கீர்த்தனாவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். 

"நீ பரவால்ல" என்றாள். "நானா இருந்தா ரெண்டு நாள் சொல்லிருக்க மாட்டேன்."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் கேட்டுக் குஸ்கா ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

அதன்பிறகு பள்ளி விட்டதும் இரண்டு பேருக்கும் இதே வேலை. முதலில் கதவை மாட்டினார்கள், ஆனால் மூடவில்லை. இடிக்கும் இடத்தில் துணியைச் சுற்றிச் சத்தம் வராமல் செய்தார்கள். குஸ்கா உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கதவைச் சாத்தி உடனே திறந்தார்கள். பிறகு இன்னும் கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தார்கள். பெட்டியோடு தூக்கி வாசல்வரை போய் வந்தார்கள், அடுத்து தெருமுனைவரை. ஒருநாள் மணிமாறன் பூ இறக்கப் போகும் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு பேருந்து நிலையத்தைச் சுற்றி வந்தார். அத்தனை ஹார்ன் சத்தத்துக்கு நடுவிலும் குஸ்கா கம்பி வழியாகப் பரோட்டாக் கடையை வேடிக்கை பார்த்தது.

அவசரப்படுத்திய நாட்களில் மட்டும் அது முறைத்துக்கொண்டது. அன்றைக்குப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு மூன்று பேரும் பந்து விளையாடினார்கள்.

கிளம்பும் நேரம் நெருங்கியது. கடைசியாக உடல்நலச் சான்றிதழ் வாங்க மருத்துவமனைக்குப் போனார்கள். மருத்துவர் கதவைத் திறந்ததும் குஸ்கா தானாக வெளியே வந்து, மேசைமேல் சோம்பல் முறித்து, கொட்டாவிவிட்டது. கருவி 'பீப்' என்றது. எண் சரியாக இருந்தது.

இந்தப் பூனையா அன்று அப்படிக் கத்தியது என்று மருத்துவர் கேட்டார். யார் இதைப் பழக்கியது என்றும் கேட்டார். ஹுஸ்னா கீர்த்தனாவைக் காட்டினாள். கீர்த்தனா ஹுஸ்னாவைக் காட்டினாள். குஸ்கா வேலை முடிந்தது என்று பெட்டிக்குள் திரும்பிப் போய்விட்டது.

மன்சூர் விடுமுறை எடுத்து வந்து எல்லோரையும் அழைத்துப் போனார். வேன் கிளம்பும் முன் கீர்த்தனா, வாசம் போகாத புதுச் சாக்குத்துணி ஒன்றை மடித்துப் பெட்டிக்குள் விரித்தாள். அழக் கூடாது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். இருவருமே அழுதார்கள். அழாமல் இருந்தது குஸ்கா மட்டும்தான்.

சென்னையிலிருந்து ஹுஸ்னா பேசினாள். விலங்குகளை வெளிநாட்டுக்கு அனுப்பச் சான்று தரும் அலுவலகத்தில் அதிகாரி ஒருவர் எல்லாக் காகிதங்களையும் பார்த்தாராம். சிப்பைச் சோதித்தாராம். குஸ்கா அவர் கையை நக்கியதாம். விமானத்தில் விலங்குகளுக்கென்று உள்ள தனி இடத்தில் அதை ஏற்றப்போகிறார்களாம்.

அதற்குப் பிறகு போன் வரவில்லை. கீர்த்தனா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். வானத்தில் போகும் பருந்துகூட அவளுக்கு விமானம் போலத் தெரிந்தது.

மறுநாள் சாயங்காலம் வீடியோ அழைப்பு வந்தது. அம்மாவின் கையிலிருந்து போனைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். திரையில் ஹுஸ்னா. அவளுக்குப் பின்னால் உயரமான கட்டடங்கள் தெரியும் பெரிய ஜன்னல்.

"நல்லபடியா வந்துருச்சு" என்றாள் ஹுஸ்னா. "ஆனா வீட்டுக்குள்ள வந்ததும் ஓடிப்போய் சோபாவுக்கு அடியில ஒளிஞ்சுக்கிச்சு. யாரு கூப்டாலும் வரல. நீ கூப்டுறியா?"

ஹுஸ்னா போனைத் தரையோடு தரையாகச் சோபாவின் பக்கம் சாய்த்து வைத்தாள். இருட்டுக்குள் இரண்டு பச்சைக் கண்கள் மட்டும் மின்னின.

"குஸ்கா" என்று கூப்பிட்டாள் கீர்த்தனா. "நான்தான். வா."

கண்கள் நகர்ந்தன. முதலில் மூக்கு வந்தது. பிறகு மீசை. திரை முழுக்க வெள்ளையும் வெளிர்மஞ்சளுமாய்க் குஸ்காவின் முகம் நிறைந்தது. அது திரையை மோந்து பார்த்தது. தலையைச் சாய்த்துக் கேட்டது. பிறகு போனைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், அங்கே கீர்த்தனா ஒளிந்திருக்கிறாளா என்று தேடியது.

"உன்னைத் தேடுது, கீர்த்தனா" என்று ஹுஸ்னா சிரித்துக்கொண்டே சொன்னாள்.

கீர்த்தனாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, தன்னையறியாமல், கையிலிருந்த போனைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பார்த்தாள்.